லெகோ மணமக்கள் கேக் மேல் நிற்க மாட்டேன் என்கிறார்களா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்யாண கேக்கின் உச்சியில் மணமக்களை லெகோ பொம்மைகளாக நிறுத்துவதில் கட்டும் வேலை பெரிய வேலையே இல்லை. மேசையில் கட்டி முடித்தபோது கச்சிதமாக இருக்கும். கேக் மேல் ஏற்றியதும்தான் சாயும், வழுக்கும், முகத்தில் ஒட்டிய படம் சுருங்கும். இந்தக் கட்டைகள் உலர்ந்த, தட்டையான இடத்துக்கென்று செய்யப்பட்டவை. கேக்கோ ஈரமும் கொழுப்பும் மென்மையும் சேர்ந்த ஒன்று. என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இவை இரண்டும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: டாப்பருக்கும் (கேக் உச்சியில் வைக்கும் இந்த அலங்காரத்துக்கும்) கிரீமுக்கும் நடுவே ஏதாவது தடுப்பு இருக்கிறதா?

கீழே உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசையாக வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதும் அங்கங்கே வரும்.

கையில் வைத்துக்கொள்ள நான்கு அளவுகள். ஒரு குமிழின் (கட்டையின் மேல் புடைத்து நிற்கும் வட்டத்தின்) நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மி.மீ. ஒரு கட்டையின் உயரம், குமிழ் நீங்கலாக, 9.6 மி.மீ. மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ., ஆகவே மூன்று தட்டு ஒரு கட்டைக்குச் சமம். தலைமுடி போடாத பொம்மையின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ.

## டாப்பர் சாய்கிறது, அல்லது கேக்கில் புதைகிறது

“வெயிட் ஜாஸ்தி போல” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் எடை குற்றவாளி இல்லை. 2×4 கட்டை (இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு குமிழ்) ஒன்றின் எடை இரண்டரை கிராம்கூட வராது. இரண்டு பொம்மைகள், 8×8 தட்டு, பின்னால் ஒரு சின்ன வளைவு எல்லாம் சேர்ந்தாலும் 100 கிராமைத் தாண்டுவது அபூர்வம். சந்தேகம் இருந்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மேசையில் வைத்தாலே ஆடுகிறது. அப்படியானால் கேக் மேல் பழி போடாதீர்கள். அடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் குழாய் குழாயாக இல்லாமல் வழவழவென்று காகிதம் மாதிரி மெல்லிசாக இருந்தால் அது பேஸ்பிளேட். தரையில் விரித்து அதன் மேல் கட்டுவதற்கானது. தூக்கினால் வளையும், டாப்பருக்கு ஆகாது. அதை எடுத்துவிட்டு 3.2 மி.மீ. தட்டு போடுங்கள். பெரிய தட்டு கிடைக்காவிட்டால் சின்னத் தட்டுகளை இரண்டு அடுக்காக, மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி மாற்றி மாற்றி அடுக்குங்கள். சரியான தட்டுதான், ஆனாலும் வில்லாக வளைந்திருக்கிறது என்றால் மேலே நெருக்கமாக அடித்துப் பதித்த ஓடுகள் (குமிழ் இல்லாத வழவழப்பான துண்டுகள்) அதை இழுக்கின்றன. நடு வரிசையில் ஒன்றிரண்டைக் கழற்றினால் நிமிர்ந்துவிடும்.

மேசையில் நேராக நிற்கிறது, கேக்கில் வைத்த உடனே சாய்கிறது. கேக்கின் தலை சமமாக இல்லை. போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து, கேக் மேல் ஒரு சுத்தமான அட்டையை வைத்து அதன் மேல் போனை வையுங்கள். ஒன்றிரண்டு டிகிரி என்றால் அட்டையின் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் கொஞ்சம் கெட்டி கிரீம் வைத்துத் தூக்கினால் போதும். அதற்கு மேல் சாய்வு என்றால் கிரீமால் சமாளிக்க முடியாது. அரை மணியில் பழையபடி சாயும். கேக் செய்தவரைக் கூப்பிட்டு மேல் அடுக்கைச் சமமாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

முதலில் நேராக நிற்கிறது, நேரம் போகப் போக இறங்குகிறது. எது கிரீமைத் தொடுகிறது என்று பாருங்கள். பொம்மையின் காலை நேரடியாகக் கிரீமில் ஊன்றியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு பாதமும் சேர்ந்து தாங்கும் இடம் வெறும் 16 மி.மீ.க்கு 8 மி.மீ. தலைமுடி மேலே கனமாக இருக்க, அடி இவ்வளவு குறுகலாக இருந்தால் எந்தப் பொம்மையும் கவிழும். தட்டின் மேல் நிறுத்துங்கள். தட்டுக்கு அடியில் அதைவிடச் சுற்றிலும் ஒரு செ.மீ. அகலமான மெல்லிய கேக் போர்டு (கேக்குக்கு அடியில் வைக்கும் அட்டை) வையுங்கள்.

போர்டு வைத்தும் இறங்கினால் கிரீமின் வகையைக் கேளுங்கள். அடித்த கிரீம் எதையும் நெடுநேரம் தாங்காது. பட்டர்கிரீம் குளிர்ந்திருக்கும்வரை தாங்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகிப்போகும். ஆகவே வெயிலிலோ சூடான விளக்கின் கீழோ வைக்கும் கேக் என்றால் போர்டுக்கு அடியில் தாங்குகால் கட்டாயம். தடிமனான ஸ்ட்ராவை நேராகக் கீழே தட்டும்வரை இறக்குங்கள். கிரீம் மட்டத்தில் நகத்தால் குறித்து, வெளியே எடுத்து வெட்டி, அதே துளையில் மறுபடி இறக்குங்கள். மேல் நுனி கிரீமோடு சமமாக இருக்க வேண்டும். முக்கோணமாக மூன்று போதும். போர்டு ஸ்ட்ராக்களின் மேல் உட்காரும், கிரீம் சும்மா அழகுக்கு இருக்கும்.

கேக் செய்பவரிடம் விட வேண்டிய கட்டம்: அடுக்கே பக்கவாட்டில் புடைத்திருந்தால், அல்லது உங்கள் டாப்பர் கால் கிலோவைத் தாண்டினால், அல்லது ஒரு சாணுக்கு மேல் உயரமானால். அடுக்குகளை ஏற்றும்போதே உள்ளே தடி இறக்க வேண்டும். கேக் மண்டபத்துக்கு வந்த பிறகு அதைச் செய்ய முடியாது.

## ஜோடி நிற்க மறுக்கிறது, ஒருவர் மட்டும் விழுகிறார்

முதலில் காலடி. பாதங்களின் அடியில் காலுக்கு ஒன்றாக இரண்டு துளைகள் இருக்கின்றன. அவை கிரீமோ சர்க்கரையோ அடைத்துக்கொண்டிருந்தால் குமிழில் பிடிக்காது. பல்குத்தியால் சுரண்டி எடுங்கள்.

துளை சுத்தம், ஆனாலும் நிற்கவில்லை என்றால் தரையைப் பாருங்கள். நடைபாதை அழகாக இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் வழவழப்பான ஓடு போட்டிருப்பீர்கள். ஓட்டில் குமிழ் கிடையாது, பொம்மை அதன் மேல் சும்மா நிற்கிறது, பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நிற்கும் இடத்தில் மட்டும் ஓட்டை எடுத்துவிட்டு தட்டு போடுங்கள். இரண்டு குமிழும் தெரியக்கூடாது, ஆளும் நடுவில் நிற்க வேண்டும் என்றால் நடுவில் ஒரே ஒரு குமிழ் உள்ள 1×2 தட்டு இருக்கிறது. அது பொம்மையை அரைக் குமிழ் நகர்த்தி நிறுத்த உதவும். ஒற்றைக் குமிழ் ஒரு காலைத்தான் பிடிக்கும். வண்டியில் போகிற டாப்பருக்கு நான் இதைப் போட மாட்டேன்.

இருவரையும் ஒட்டி நிறுத்தினால் ஒருவர் மற்றவரைத் தள்ளுகிறாரா? கால்கள் இரண்டு குமிழ் அகலம்தான், ஆனால் கைகள் இருபக்கமும் அதைத் தாண்டி வெளியே நிற்கும். நடுவில் ஒரு குமிழ் இடைவெளி விடுங்கள், அல்லது ஒருவரின் கையை மேலே தூக்கி மற்றவரின் கையைக் கீழே இறக்குங்கள்.

கைகோத்து நிற்க வைக்கப் பார்ப்பவர்கள் அதிகம். இரண்டுமே கொக்கிக் கைகள். கொக்கியைக் கொக்கி பிடிக்காது. அழுத்தினால் மணிக்கட்டு பிதுங்கி வெளியே வரும். இருவர் கையும் 3.2 மி.மீ. கம்பியைப் பிடிக்கும், ஆகவே ஒரு சின்னக் கம்பித் துண்டையோ பூங்கொத்தின் தண்டையோ இருவரும் சேர்ந்து பிடிக்கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கைகோத்த மாதிரியே தெரியும்.

மணமகள் மட்டும் உயரமாகத் தெரிகிறார். காலுக்குப் பதில் சாய்வுக் கட்டையைப் பாவாடையாகப் போட்டிருப்பீர்கள். அதன் உயரம் இரண்டு கட்டை, அதாவது 19.2 மி.மீ. சாதாரணக் கால்கள் அதைவிட ஏறக்குறைய ஒரு தட்டு குறைவு. மணமகனின் காலுக்கு அடியில் ஒரு தட்டு போட்டால் சமமாகிவிடும். நிஜத்திலும் மணமகள்தான் உயரம் என்றால் அப்படியே விடுங்கள். அதைவிடச் சுலபமான ஒற்றுமை கிடைக்காது.

## ஜாடையே வரவில்லை

இதைக் கோளாறு என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் கடைசி நேரத்தில் அழவைப்பது இதுதான். நாலடி தள்ளி நிற்பவருக்குப் பொம்மையின் கண்ணும் வாயும் தெரியாது. தலைமுடியின் நிறமும் வடிவமும், கண்ணாடி, தாடி, உடையின் நிறம் இவைதான் தெரியும். முகத்தை அச்சடிக்கக் காசு செலவழிக்கும் முன் முடியை மாற்றிப் பாருங்கள். நேர் வகிடா, கொண்டையா, சுருட்டையா என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால், கடையில் வரும் சிரித்த முகமே போதும். கையில் கொடுக்கும் பொருளும் அப்படித்தான். படம் எடுப்பவருக்கு ஒரு கேமரா, எந்நேரமும் காபியோடு அலைபவருக்கு ஒரு கோப்பை. வந்தவர்கள் பார்த்ததும் சிரிப்பார்கள்.

முகம் ஒரு நிறம், கை வேறு நிறம். 1978-இல் இந்தப் பொம்மை வந்ததிலிருந்து தலையும் கையும் மஞ்சள்தான். 2003-இல்தான் உண்மையான தோல் நிறங்கள் வரத் தொடங்கின. இரண்டு வகைத் தலைகளும் இன்று கலந்து கிடைப்பதால், தலையை மட்டும் மாற்றிவிட்டுக் கையை மறந்துவிடுவது சகஜம். கையை மணிக்கட்டில் பிடித்து மெல்லத் திருகியபடியே வெளியே இழுத்தால் வரும். நேராக வெடுக்கென்று இழுக்க வேண்டாம். புஜத்தை உடம்பிலிருந்து கழற்றவே கழற்றாதீர்கள். புஜம் உட்காரும் குழியைச் சுற்றித்தான் உடம்பு விரிசல் விடும்.

## முகத்திலும் உடையிலும் ஒட்டிய படம் கெடுகிறது

பெயர், தேதி, புடவைக் கரை, கோட் பொத்தான் என்று எதை அச்சிட்டு ஒட்டினாலும் இந்தப் பகுதிக்கு வந்தே தீர வேண்டும். வீட்டில் செய்வோர் பெரும்பாலும் தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் டெகால் தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோளாறு எந்தக் கட்டத்தில் தெரிந்தது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

தண்ணீரில் போட்டதும் மை கரைந்து ஓடியது. இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்துவிட்டு மேலே தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே அடிக்காமல் நனைத்திருக்கிறீர்கள். மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. லேசர் பிரிண்டருக்கு இந்தப் பூச்சு தேவையில்லை, ஆனால் அதற்குரிய தாள் வேறு. தாளை மாற்றிப் போட்டுவிட்டால் லேசரின் சூட்டில் படலம் உருகி பிரிண்டருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். தாள் உறையில் எந்த வகை என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

ஒட்டியது சரி, ஆனால் படம் கண்ணுக்கே தெரியவில்லை. கறுப்புக் கோட் மேல் தெளிவான தாளில் அடித்த வெள்ளைச் சட்டை இருக்கும். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் எங்கே வெள்ளையோ அங்கே அது ஒன்றும் அடிக்காமல் விட்டுவிடும், கீழே உள்ள கறுப்புதான் தெரியும். வழி இரண்டு: வெள்ளைப் படலத் தாளில் அடித்து ஓரத்தை ஒட்ட வெட்டுவது, அல்லது உடம்பையே வெள்ளை நிறத்தில் வாங்கிக் கோட்டை அச்சிடுவது. இரண்டாவதுதான் சுத்தமாக வரும்.

முகத்தில் சுருக்கம், ஓரம் தூக்குகிறது. தலை ஓர் உருளை, மேலும் கீழும் ஓரம் உருண்டிருக்கும். முழு முகத்தையும் ஒரே துண்டாக வெட்டி ஒட்டினால் அந்த உருட்டலில் கட்டாயம் சுருங்கும். கண்கள் ஒரு துண்டு, வாய் ஒரு துண்டு, தாடி தனி என்று பிரித்து, உருண்ட ஓரத்தைத் தொடாமல் நடுப்பகுதியில் மட்டும் ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டியாயிற்று என்றால் மாடல் விமானம் செய்பவர்கள் வைத்திருக்கும் டெகால் இளக்கும் திரவத்தைத் தூரிகையால் ஒரு சொட்டு தடவுங்கள். படலம் முதலில் இன்னும் மோசமாகச் சுருங்கும். பயந்துபோய் விரலால் தொடாதீர்கள், தொட்டால் கிழியும். காயக் காயத் தானே படிந்துவிடும்.

படத்துக்கு அடியில் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ஊசி முனையால் மிக மெல்லக் குத்தி, அதே திரவத்தை விட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒட்டுவதற்கு முன் பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தாமல் விட்டதுதான் பாதி நேரம் இதற்குக் காரணம். விரல் எண்ணெய் போதும், படலம் படியாமல் போக.

மேலே அடித்த தெளிவு ஸ்ப்ரே பனி மாதிரி வெளுத்தது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தபோது அடித்திருக்கிறீர்கள். உலர்ந்த நேரம் பார்த்து இன்னொரு மெல்லிய பூச்சு அடித்தால் பல சமயம் வெளுப்பு கரைந்துவிடும். இன்னொன்று: பெர்மனன்ட் மார்க்கரால் கையால் வரைந்த கோட்டின் மேல் நேராக ஸ்ப்ரே அடித்தால் மை கலங்கிப் பரவும். வரைவதென்றால் அக்ரிலிக் பெயின்ட்டால் வரையுங்கள். ஜன்னல் கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் துண்டுகள் மேல் ஸ்ப்ரே படவே வேண்டாம், மயிரிழை விரிசல் விடும்.

ஸ்ப்ரே வாசனை முழுதாகப் போகும்வரை அந்தப் பொம்மையைக் கேக் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது. கொழுப்பு வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

அச்சிடுபவரிடம் போக வேண்டிய கட்டம்: இருண்ட உடம்பின் மேல் நுணுக்கமான வெள்ளை வேலைப்பாடு வேண்டும் என்றால், முகம் புகைப்படத்திலிருந்து வர வேண்டும் என்றால், அல்லது கை, கால், முதுகு எல்லாப் பக்கமும் அச்சு வேண்டும் என்றால். யு.வி. பிரிண்டரில் வெள்ளை மை உண்டு, நேராகப் பிளாஸ்டிக் மேல் அடிக்கும். கொடுக்கும்போது உதிரியாக இன்னொரு உடம்பும் தலையும் சேர்த்துக் கொடுங்கள். முதலில் கணினித் திரையில் மாதிரியைப் பார்த்து, பெயரின் எழுத்துகளை நீங்களே ஒவ்வொன்றாகப் படித்து ஒப்புதல் சொல்லுங்கள். தமிழ் எழுத்து என்றால் இரட்டைக் கவனம்: ஒற்றைக் கொம்பு உரிய எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்பதும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போவதும் அச்சில் அடிக்கடி நடக்கும். ஃபைலை எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

## வைத்த கொஞ்ச நேரத்தில் பொம்மை வியர்க்கிறது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கோடு டாப்பரும் குளிர்ந்திருந்தால் காற்றின் ஈரம் அதன் மேல் துளித்துளியாகப் படியும். வெறும் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டிக்கரின் மூலை தூக்கும், காப்புப் பூச்சு இல்லாத மை ஓடும், துளி வழிந்து ஃபாண்டன்ட் (கேக்கை மூடும் சர்க்கரைப் போர்வை) மேல் விழுந்தால் அங்கே பளபளப்பான கறை நிற்கும்.

துடைக்காதீர்கள். துடைத்தால் ஃபாண்டன்ட் நிறம் வெள்ளை உடையில் ஏறும். பத்திரிகைத் தாளால் அல்ல, டிஷ்யூவின் நுனியால் ஒற்றி மட்டும் எடுங்கள், மற்றது தானாகக் காயும். மின்விசிறியை மெதுவாகத் திருப்பிவிடலாம், முடி உலர்த்தும் இயந்திரம் வேண்டாம். கேக் மேல் சூடான காற்றை அடித்தால் இந்தக் கோளாறு போய் மேலே சொன்ன புதையும் கோளாறு வரும்.

வராமல் தடுக்க வழி சுலபம். டாப்பரை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், கேக் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கடைசியாக ஏற்றுங்கள். கேக்கை அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்து இளகவிட்டால் ஈரம் பெட்டி மேல் படியும், கேக் தப்பிக்கும்.

## துண்டுகள் பிடிக்கவில்லை, கழன்று விழுகின்றன

பசையை எடுக்கும் முன் மூன்று சோதனை. ஒன்று, குமிழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா? கழுவி உலர்த்தி மறுபடி அழுத்துங்கள். இரண்டு, வேறு வேறு கம்பெனிக் கட்டைகள் கலந்திருக்கின்றனவா? லெகோ கட்டைகள் 1958 வடிவிலிருந்து இன்று வரை ஒன்றோடொன்று பொருந்தும். மற்றவை பெரும்பாலும் பொருந்தும், ஆனால் மயிரிழை வித்தியாசம் போதும் தளர. தளர்ந்ததைச் சுமை இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். மூன்று, விரிசல். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பழுப்பு, அடர்சிவப்பு நிறத் துண்டுகள் சில வருடத் தயாரிப்புகளில் கலகலத்துப் போகும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். பழுப்புத் தலைமுடி, மர வளைவு செய்யும்போது பழைய துண்டை நம்பாதீர்கள்.

இதற்கும் மேல் என்றால் பசை. அதிலும் வரிசை உண்டு. சுவரில் படம் ஒட்டும் ரப்பர் மாதிரியான பசைக்கட்டி அரிசி அளவு குமிழுக்குப் பக்கத்தில் வைத்தாலே தலையும் பூங்கொத்தும் ஆடாது, பிறகு உரித்து எடுத்துவிடலாம். அடுத்து, காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை. கடைசியில்தான் சூப்பர் க்ளூ.

சூப்பர் க்ளூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்தது. பசையின் ஆவி படிவதுதான் அது. கறுப்புக் கோட்டில் கண்ணைக் குத்தும். அதிகம் விட்டதும், விட்ட உடனே டப்பாவுக்குள் மூடி வைத்ததும்தான் காரணம். பல்குத்தி நுனியில் ஒரு புள்ளி தொட்டு வைத்து, திறந்தபடி காற்றாட விடுங்கள். ஏற்கெனவே படிந்தது லேசானதென்றால் துளி எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் புகைப்படத்துக்குத் தெரியாத அளவு மறையும். நெயில் பாலிஷ் நீக்கியைக் கொண்டுவராதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் கட்டையின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைக்கும், அச்சும் போகும், கோட்டும் போகும்.

இலையும் பூவும் பசையில் ஒட்டவே இல்லை. ஒட்டாது. செடி, இலை போன்ற வளையும் துண்டுகள் ஏ.பி.எஸ். இல்லை, பாலிஎத்திலீன். லெகோ 2018 முதல் இவற்றைக் கரும்பிலிருந்து எடுக்கும் பாலிஎத்திலீனில் செய்கிறது. எதில் செய்தாலும் பாலிஎத்திலீனில் சாதாரணப் பசையும் பெயின்ட்டும் பிடிக்காது. குமிழில் மாட்டுங்கள், அல்லது வேறு நிறம் வாங்குங்கள்.

## வெள்ளைக் கட்டை கேக் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிகிறது

பழைய கட்டை வெயில் பட்டு மஞ்சளாகியிருக்கும். முன்னால் தெரியும் இடத்தில் புதியதைப் போடுவதுதான் குறைந்த செலவு. அச்சு இல்லாத துண்டுகளை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும், கையுறை அவசியம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆரம்பிக்கிற வேலை அல்ல இது. பட்டர்கிரீமே இயல்பில் தந்த நிறம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். சில சமயம் பழைய வெள்ளைதான் அதோடு பொருந்தும்.

## வண்டியில் போகும்போது கலைந்தது

கேக் மேல் ஏற்றியபடி கொண்டுபோவதுதான் ஒரே காரணம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. டாப்பர் தனிப் பெட்டியில், போர்டோடு, நாலு பக்கமும் டிஷ்யூ திணித்துப் போக வேண்டும்.

இடம் போய்ச் சேர்ந்த பிறகும் ஆடும் மேசை, வெளிப்புறக் காற்று என்று பயமிருந்தால் போர்டில் இரண்டு துளை போட்டு மரக் குச்சிகளைச் செருகி, அவை கேக்கில் இறங்கும்படி செய்யலாம். அப்படிச் செய்தால் வெட்டப்போகிறவரிடம் “உள்ளே இரண்டு குச்சி இருக்கிறது” என்று வாயால் சொல்லிவிடுங்கள், சீட்டு எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை. குச்சி எத்தனை போட்டீர்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ண வேண்டும்.

கூடவே ஒரு சின்ன டப்பா: உதிரிக் கைகள் இரண்டு, பூங்கொத்து ஒன்று, பல்குத்தி, பசைக்கட்டி. தரையில் விழுந்த பூங்கொத்தை விருந்தினர் கால்களுக்கு நடுவே தேடுவதைவிட இது மேல். கழன்ற துண்டு கேக்கில் விழுந்திருக்க வாய்ப்பிருந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் கேக்கைப் பரிமாற விடாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கும் அளவுதான் எல்லாம்.

## ஒரு பக்கம் உருகியது, கருகியது

பொறி பறக்கும் மெழுகுவர்த்தியை டாப்பருக்குப் பக்கத்தில் செருகியிருப்பார்கள். ஏ.பி.எஸ். சுமார் 100 டிகிரியில் இளகத் தொடங்கும். பொறியின் சூடு அதைவிடப் பல மடங்கு. உருகிய துண்டைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் முடியும். மெழுகுவர்த்தி வேண்டும் என்று அடம்பிடித்தால் கீழ் அடுக்கில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது ஏற்றும் முன் டாப்பரை இறக்குங்கள்.

## எல்லாம் முடிந்தது, கட்டைக்குள் கிரீம் அடைத்துக்கொண்டிருக்கிறது

தடுப்பு இல்லாமல் வைத்ததன் மிச்சம். தட்டின் அடிக்குழாய்களுக்குள் கிரீம் புகுந்தால் குச்சியால் எடுப்பது வீண் வேலை. இந்தக் கட்டைகள் உணவு தொடும் பாத்திரமாகச் செய்யப்பட்டவையும் அல்ல. அதனால் அடியில் போர்டோ, கேக்கைச் சுற்றிக் கட்டும் அசிடேட் ஷீட்டில் (தெளிவான பிளாஸ்டிக் தாளில்) வெட்டிய வட்டமோ எப்போதும் இருக்கட்டும். தடுப்பு இல்லாமல் கட்டை நேராகத் தொட்ட கிரீமை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாம்.

துண்டு துண்டாகக் கழற்றுங்கள். பொம்மையை மட்டும் தலை, முடி, உடம்பு, கால் என்ற அளவில் நிறுத்துங்கள். இடுப்பையும் புஜத்தையும் பிரிக்க வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குழாய்களுக்குள் தேய்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம், கொதிநீர், மைக்ரோவேவ் மூன்றும் கூடாது. டெகால் ஒட்டியதும் ஸ்டிக்கர் ஒட்டியதும் ஊறக்கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். சிவப்பு, கருநீல உணவு நிறம் வெள்ளைத் துண்டில் ஏறியிருந்தால் அன்றைக்கே ஊறவைத்தால் போகும், வாரம் கழித்தால் நிழலாக நிற்கும்.

கழுவியதைக் குமிழ் கீழே இருக்கும்படி துணியில் கவிழ்த்தால் குழாய்க்குள் தண்ணீர் தேங்கும். அதனால் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, நிழலில் ஒரு ராத்திரி விடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் திரும்பக் கட்டிக் கண்ணாடிப் பெட்டியில் மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை வாடை அடிக்கும்.